மேலே ஏறுவதற்கான நடை

என் வீட்டுக்காரரை மறுபடி மேலே ஏற்றுவதற்காகத்தான் நடக்க வைத்தேன். அழகுக்காக இல்லை, ஆரோக்கியத்துக்காகக்கூட இல்லை. மேலே என்றால் கிரேன் கேபின். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கி வார்க்கிற ஒரு சின்னக் கம்பெனியில் அவர் கிரேன் ஆபரேட்டர். உலையிலிருந்து உருகிய இரும்பைப் பிடிக்கிற பெரிய வாளிக்கு லேடில் என்று பெயர். அதைக் கொக்கியில் தூக்கி, கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, கீழே ஆட்கள் நிற்க நிற்க நகர்த்திக்கொண்டு போக வேண்டும். எங்களுக்குக் கல்யாணம் ஆகும் முன்பே அந்தக் கூண்டில் ஏறி உட்கார்ந்தவர். வீட்டிலும் யாரைப் பார்த்தாலும் உயரத்திலிருந்து பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார்.

வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் மெடிக்கலில் அந்தத் தடவை மாட்டிக்கொண்டார். பிரஷர் ஏறிக் கிடந்தது. எடையும் அதிகம். உயரத்தில் வேலை செய்கிறவர்களைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஒரு கம்பியின்மேல் நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். அதில் பாதியிலேயே கால் தவறிவிட்டது. உயரத்தில் ஏறுவதற்கான ஹைட் பாஸ் இப்போதைக்குத் தர முடியாது, பொங்கல் கழித்து வாருங்கள் பார்ப்போம் என்று கம்பெனி டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை கீழே, லாரி எடை போடும் மேடையில் வேலை.

அன்று சாயங்காலம் சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"கேபின்ல வேற ஒருத்தன ஏத்திட்டாங்க. அவன் பழகிட்டான்னா அப்பால என்னக் கூப்ட மாட்டாங்க. ஆயுசுக்கும் லாரி எண்ணிக்கினு கெடக்க வேண்டியதுதான்."

அவருக்கு ஆறுதல் சொல்லியிருக்கலாம். எனக்கு எதற்குமே முதலில் கோபம்தான் வரும்.

"நாஷ்டாவுக்கே பஜ்ஜி துன்ற ஒடம்ப கம்பி மேல ஏத்தினா நிக்குமா? நாளைலேர்ந்து காலைல நடக்கற. பொங்கலுக்குள்ள அந்த ஒடம்பு எறங்கணும், நீ மேல ஏறணும்."

"சரி, நடக்கறேன்" என்றார்.

நடந்தார். நெடுஞ்சாலை டீக்கடை வரைக்கும். அங்கே உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு, கடைத் தொட்டித் தண்ணீரை முகத்திலும் சட்டையிலும் தெளித்துக்கொண்டு, மூச்சு வாங்கியபடி வீட்டுக்குள் நுழைவார். எனக்கு பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் செக்கிங் வேலை. பெல்ட்டில் ஓடிவரும் மூடிகளில் நெளிந்தது, விளிம்பு உடைந்தது எதுவானாலும் கண்ணால் பார்த்துப் பொறுக்கிப் போட வேண்டும். இவர் சட்டையில் முன்பக்கம் மட்டும் ஈரம், முதுகு காய்ந்து கிடக்கிறது. வாசனையே இல்லாத வியர்வையை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இன்னாமே, ஊட்டுலயும் செக்கிங்கா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து கூடவே கிளம்பினேன்.

ஒரு மனுஷனைத் தினமும் எழுப்பி நடக்கவைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்தது. பேச விட்டால் காரணம் சொல்வார். கால் வலி, ராத்திரி தூக்கமில்லை, வெளியே பனி, இன்றைக்கு அமாவாசை. அதனால் எழுந்ததிலிருந்து வாசலைத் தாண்டும்வரை இரண்டு பேரும் வாயைத் திறக்கக்கூடாது என்று சட்டம் போட்டேன். ஷூவைத் தலைமாட்டில் வைத்தேன். முகம் கழுவும் முன்பே ஷூ காலில் ஏறிவிட வேண்டும். திரும்பி வந்த பிறகுதான் அடுப்புப் பற்றவைப்பேன், அதற்கு முன் டீ கிடையாது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நாட்களில், நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளின் தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தோம். பக்கத்து வீட்டுக்காரி கதவைத் திறந்து, "இன்னாடி, புருஷனும் பொண்டாட்டியும் ஊட்டுக்குள்ளயே பாதயாத்திர கெளம்பிட்டீங்களா" என்று கேலி செய்தாள். பண்ணிவிட்டுப் போகட்டும் என்று நடந்தோம். கார்த்திகை பிறப்பதற்குள் நான் எழுப்பாமலே எழ ஆரம்பித்துவிட்டார். என் சட்டதிட்டம் வேலை செய்கிறது என்று எனக்குத் தாங்க முடியாத பெருமை.

நடக்கும் பாதை எனக்குப் பிடிக்காது. ஆனால் நாய்த் தொல்லை இல்லாத பாதை அது ஒன்றுதான். மூடிப்போன ஒரு கம்பெனியின் மதிலை ஒட்டிப் போகும். உள்ளே ஆள் கிடையாது, கூரைத் தகடு மட்டும் காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளும். விடியும் முன் உலைக் கம்பெனிகளின் புகை மேலே போகாமல் தரைமட்டத்தில் படுத்துக் கிடக்கும். முட்டிக்குக் கீழே எங்கள் கால்களே எங்களுக்குத் தெரியாது. தூரத்தில் எங்கேயாவது இரும்பை ஊற்றினால் வானம் ஒருமுறை சிவந்து அடங்கும். அப்போதெல்லாம் இவர் நின்று அந்தப் பக்கம் பார்ப்பார்.

மதிலின் கடைசியில், அந்தக் கம்பெனிக்குச் சரக்கு ஏற்ற ஒரு காலத்தில் போட்ட தண்டவாளம் துருப்பிடித்துக் கிடந்தது. ரயில் அதில் வந்து வருஷக்கணக்காகிறது. மெடிக்கல் கம்பிக்குப் பழக இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும் என்று கண்டுபிடித்தவள் நான்தான். அவர் ஒற்றைத் தண்டவாளத்தின்மேல் கைகளை விரித்துக்கொண்டு நடப்பார். நான் பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு போவேன். பிறகு கை பிடிக்கத் தேவையில்லாமல் போயிற்று. பரீட்சைக்குக் கேள்வித்தாளை முன்கூட்டியே பார்த்துவிட்டுப் படிக்கிற பிள்ளைகள் மாதிரி, அந்த மெடிக்கலில் என்னென்ன பார்ப்பார்களோ அதற்கு மட்டும் நாங்கள் அந்த உடம்பைத் தயார் செய்துகொண்டிருந்தோம்.

சில நாள் எங்களுடன் இன்னொருவரும் வருவார். இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தவர், அதே கம்பெனி. லேடிலைக் கொக்கியில் மாட்டிவிட்டுக் கீழே நின்று என் வீட்டுக்காரருக்குக் கை காட்டுகிற சிக்னல்காரர். என்னை அண்ணி என்பார், நான் தம்பி என்பேன். வாய் ஓயாது.

"பொங்கலுக்குள்ள அண்ணன மேல ஏத்தி வுட்ருங்க அண்ணி. என் உசுரு அவரு கையிலதான கீது. இப்ப வந்திருக்கானே புதுசா, பேஜாரு புடிச்சவன், நான் கைய தூக்கறதுக்கு முந்தியே லேடில தூக்கறான். அண்ணன் அப்டியா? நான் கை காட்னாலும் ஒடனே தூக்க மாட்டாரு. சொம்மா அப்டியே பாத்துகினு இருப்பாரு. விசிலு அடிச்சாக்கூட அசைய மாட்டாரு. நல்லா நிதானிச்சிட்டு அப்பாலதான் தூக்குவாரு. அந்த நிதானம் யாருக்கு வரும்?"

இதைக் கேட்டு என் வீட்டுக்காரர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையைக் குனிந்தபடி முன்னால் நடந்தார். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு விஷயம்தான் எனக்கு எரிச்சலாக இருந்தது. நடந்துகொண்டே இருப்பவர் திடீரென்று குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஷூ கயிற்றைப் பிடித்துக்கொள்வார். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். கூப்பிட்டால் பதில் வராது. அலுத்துப்போய் உட்காருகிறார் என்று திட்டுவேன். "கவுறு அவுந்துச்சு" என்பார். ஒருநாள் நானே உட்கார்ந்து இரட்டை முடிச்சுப் போட்டுவிட்டேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி உட்கார்ந்தார். குனிந்து பார்த்தேன். முடிச்சு போட்டது போட்டபடி இருந்தது. விரல்கள் மட்டும் அதைப் பிடித்திருந்தன. கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அதை அப்படியே ஒதுக்கிவிட்டேன்.

மார்கழி பிறந்து சில நாள் இருக்கும். அன்று சிக்னல்காரர் வரவில்லை, நாங்கள் இரண்டு பேர்தான். இவர் தண்டவாளத்தின்மேல் நடந்தபடி எடை மேடையில் முந்தின நாள் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்த டிரைவரு இன்னா பண்ணான்னா..." என்றவர் நின்றார்.

கைகள் விரித்தபடி இருந்தன. கண் திறந்திருந்தது. வெறும் வாயை மெதுவாக மென்றுகொண்டிருந்தார். விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். கூப்பிட்டேன். முன்னால் போய் நின்றேன். என் முகத்துக்கு நேரே அவர் கண் இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் புதருக்கு அந்தப் பக்கம் மெயின் லைனில் மின்சார ரயில் நீளமாக ஹார்ன் அடித்துக்கொண்டு கடந்து போயிற்று. காது அடைக்கிற சத்தம். அவர் இமைகூட அசையவில்லை.

"...லாரிய ரிவர்ஸ்லயே மேடை மேல ஏத்திட்டான்" என்று விட்ட இடத்திலிருந்து சொல்லி முடித்துவிட்டு நடந்தார்.

நான் எட்டி நடந்து அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"இப்ப ரயிலு போச்சே, அது சூளூர்பேட்ட போறதா, மெட்ராஸ் போறதா?"

"இன்னா ரயிலு? ஒண்ணும் வரலியே" என்றார்.

அந்த ரயிலின் சத்தம் அப்போதும் கேட்டுக்கொண்டிருந்தது. அவரும் அதைக் கேட்டார். என் முகத்தைப் பார்த்தார். தண்டவாளத்திலிருந்து இறங்கி அதன்மேலேயே உட்கார்ந்தார்.

"எப்பலேர்ந்து?" என்றேன்.

"போன வருஷத்துலேர்ந்து. சொம்மா கண்ணு கட்டும், போயிடும். சில வாட்டி வரப்போறது முன்னாடியே தெரியும், அப்ப உக்காந்துக்குவேன். பிரஷரு தான்னு நெனச்சேன். நடந்தா போயிடும்னு நெனச்சேன். அதுக்குத்தான நீ எழுப்பறதுக்கு முந்தியே எழுந்து நடக்கறேன்."

ஷூவைத் தலைமாட்டில் வைத்ததும் டீயை மறுத்ததும்தான் அவரை எழுப்பியது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். என் சட்டமெல்லாம் ஒன்றுமே இல்லை. பயம்தான் அவரைத் தினமும் எழுப்பியிருக்கிறது.

"மேல கேபின்ல இருக்கச்சொல்ல வந்திருக்கா?"

"மேல நான் உக்காந்துகினு தான கீறேன். எப்டி வுழுவேன்?"

"நீ வுழறத யார்யா கேட்டா? கொக்கில இன்னா தொங்குது?"

கை காட்டினாலும் அசையாமல், விசிலுக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்த அந்த நிதானம் என்னவென்று எனக்கு அப்போது புரிந்தது. லேடில் நிறைய இரும்புக் குழம்பு, அதன் கீழே கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற அந்தத் தம்பி, மேலே வெறும் வாயை மென்றுகொண்டு இவர். இத்தனை நாள் ஒன்றும் ஆகாமல் போனதே அதிசயம்.

டாக்டரிடம் சொல்லிவிடு என்றேன். சொல்கிறேன் என்றார். இப்போதே வா, போவோம் என்றேன். "மெடிக்கல் அன்னிக்கி நானே சொல்றேன். நீ வாயத் தொறக்காத. நீ சொன்னா என் மானம் போயிடும்" என்றார். நான் இல்லை என்று சொல்லும்படி அதுவரை அவர் எதுவுமே கேட்டதில்லை. சரி என்றேன்.

அதற்குப் பிறகும் நடந்தோம். நிறுத்திவிடலாம் என்று இரண்டு நாள் படுத்தே கிடந்து பார்த்தேன். அவர் ஷூ போட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல், என் தலைமாட்டில் வந்து நின்றார். நான் போட்ட சட்டப்படியே என்னை எழுப்பினார். தனியாக அனுப்பப் பயந்துகொண்டு கூடப் போனேன். தண்டவாளத்தில் ஏற விடவில்லை. ஆனால் ஏறத் தேவையும் இருக்கவில்லை, அந்த நடை அவர் காலுக்கு வந்துவிட்டது. தொந்தி இறங்கியது. முகம் பளிச்சென்று ஆனது. தெருவில் எல்லோரும் கேட்டார்கள், இன்னா ரகசியம் என்று. உடம்பு தேறத் தேற எனக்குள் பயம் வளர்ந்தது. தேறாமல் போய்விடாதா என்றுகூட வேண்டிக்கொண்டேன். கட்டின புருஷனுக்கு அப்படி வேண்டிக்கொண்ட பெண்சாதி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பொங்கல் முடிந்தது. மெடிக்கல் அன்று லீவு போட்டுவிட்டு, கம்பெனி கேட்டுக்கு உள்ளே டாக்டர் அறையின் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சிக்னல்காரரும் தன் முறைக்காகக் காத்திருந்தார்.

"இன்னிக்கு பாஸ் குடுத்துட்டாங்கன்னா நாளைக்கே அண்ணன் மேல. நான் கோயில்ல தேங்கா ஒடைக்கறதா வேண்டிகினு கீறேன்" என்றார்.

கதவு திறந்தது. என் வீட்டுக்காரர் பாஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வெளியே வந்தார். தம்பி எழுந்து ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டார். தம்பியின் தோளுக்கு மேலே அவர் முகம் எனக்குத் தெரிந்தது. என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். சொல்லவில்லை என்று தெரிந்துவிட்டது.

நான் எழுந்து உள்ளே போனேன்.

டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "வாங்கம்மா. எல்லாம் உங்க சாமர்த்தியம்தான். இவரை மாதிரி ஒழுங்கா நடக்கிறவங்க இந்தக் கம்பெனியில பத்து பேர் இருந்தா எனக்கு வேலையே இருக்காது" என்றார்.

நான் சொன்னேன். நின்றது, வாயை மென்றது, ரயில் போனது, எல்லாம். டாக்டர் சிரிப்பை நிறுத்தினார். என் வீட்டுக்காரரை உள்ளே கூப்பிட்டு, உண்மையா என்று கேட்டார்.

"இல்ல சார். இவ எதுக்கெடுத்தாலும் பயப்படுவா. மேல ஏறுனா ஆவாதுன்னு இவளாண்ட யாரோ சொல்லியிருக்காங்கோ" என்றார். குரலில் நடுக்கமே இல்லை. டாக்டர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். டாக்டர் கண்ணுக்கு நான் புருஷனை வேலைக்கு அனுப்பப் பயப்படுகிற ஒருத்தி, அவ்வளவுதான். ஆத்திரம் என் கண்ணை மறைத்தது. கதவைத் திறந்து சிக்னல்காரரைக் கூப்பிட்டேன்.

"தம்பி, நீ கை காட்னப்புறம் அண்ணன் எவ்ளோ நேரம் தூக்காம இருப்பாரு, டாக்டராண்ட சொல்லு."

அவர் பாவம், சிபாரிசுக்குக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு உற்சாகமாக ஆரம்பித்தார்.

"அது அண்ணனோட நிதானம் சார். கை காட்டுவேன், அப்டியே பாத்துகினு இருப்பாரு. விசிலு அடிப்பேன், அதுக்கும் அசைய மாட்டாரு. ஒரு வாட்டி லேடிலு பாதி வழியில அந்தரத்துலயே நின்னுச்சு. நாங்க கீழேர்ந்து கத்தறோம், கைய ஆட்டறோம். அண்ணன் எங்களையே பாத்துகினு..."

அங்கே நிறுத்தினார். அவர் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். மெதுவாக என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"பாத்துகினு தான இருந்த, அண்ணா?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து பாஸை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

சென்னைப் பெரியாஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்தார்கள். வலிப்பில் இதுவும் ஒரு ரகம், கை கால் வெட்டாது, ஆள் மட்டும் கொஞ்ச நேரம் இருக்க மாட்டார் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை கேட்கிறதா இல்லையா என்று போகப் போகத்தான் தெரியுமாம். எடை மேடை வேலையே அவருக்கு நிரந்தரமாகிவிட்டது. சிக்னல்காரர் எங்கள் வீட்டைக் கடக்கும்போது இப்போதெல்லாம் வேகமாகக் கடந்துவிடுகிறார். அவரைக் காப்பாற்றியதாக எனக்கும் தோன்றவில்லை. அவசரக்காரப் புது ஆள்தான் கூண்டில் உட்கார்ந்திருக்கிறான், தம்பி இன்றும் அதன் கீழேதான் நிற்கிறார். அதைப் பற்றி நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

என் வீட்டுக்காரர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சோறு வைத்தால் சாப்பிடுவார், மாத்திரையை நீட்டினால் வாங்கி விழுங்குவார். பேச்சு மட்டும் இல்லை. இனி எதற்காக நடக்கப்போகிறார், அந்தத் தொல்லை விட்டது என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் விடியும் முன் கண் விழித்தால் பாயில் ஆளில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். மதிலோரம், புகைக்குள், முன்னால் போய்க்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவர் முன்னே, நான் பின்னே. அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. எட்டிப் பிடிக்கிற தூரத்தில் நான் போய்க்கொண்டிருப்பேன். மழையென்றாலும் பனியென்றாலும் ஒருநாள் தவறியதில்லை. இப்படி ஒரு ஒழுங்கை எந்த டாக்டரும் பார்த்திருக்க மாட்டார்.

போன வாரம், மதில் திரும்புகிற இடத்தில், நின்றார். உட்காரவில்லை, அப்படியே நின்றார். ஓடிப்போய் அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். கண் திறந்திருந்தது. வாய் மென்றது. நான் அவர் நெஞ்சில் காது வைத்துக்கொண்டு காத்திருந்தேன். இது முடியவே முடியாதோ என்று நினைக்கும் அளவுக்குக் காத்திருந்தேன்.

பிறகு என் கைக்குள் அவர் உடம்பு அசைந்தது. குனிந்து, நான் அவரைப் பிடித்திருப்பதைப் பார்த்தார். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு என்னிடம் பேசினார்.

"எவ்ளோ நேரம்?"

குறைத்துச் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. உள்ளதைச் சொன்னேன். முன்பு வந்ததைவிட அதிகம் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. அவர் என் கையை விலக்கவில்லை.

"சரி, நட" என்றார்.